நெல்லையிலிருந்து விமானம் ஏறப்போகிறவர்கள் தூரத்திலும் நேரத்திலும் செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற தொழிலில் எனக்குப் பதினேழு வருஷம். பாஸ்போர்ட்டை எடுத்து வை, பெயரில் எழுத்துப்பிழை பார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

வான்தூரத்தைச் சாலைத்தூரமாக நம்புவது

போன வாரம் கடைப்பையன் ஒரு அம்மாவிடம், "திருவனந்தபுரம் தொண்ணூறு கிலோமீட்டர்தாம்மா, ரெண்டு மணி நேரத்துல போயிரலாம்" என்றான். எனக்குப் பகீர் என்றது. அதே தொண்ணூறை நானும் ஒருகாலத்தில் நம்பியவன்.

தூரம் காட்டும் பக்கங்கள் இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நேர்கோடு போட்டுச் சொல்கின்றன. அந்தக் கோட்டில் பொதிகை மலை நிற்கிறது. அகத்தியர் கூடம் மட்டும் 1,868 மீட்டர். பாபநாசம், காரையாறு வழியாகப் போனால் காட்டோடு ரோடு முடிந்துவிடும். ஆகவே நாகர்கோவில் சுற்றித்தான் போக வேண்டும்: சுமார் 150 கிலோமீட்டர். செங்கோட்டை, ஆரியங்காவு வழி அதைவிடத் தூரம்.

தொழிலுக்கு வந்த புதிதில் பெரியப்பா மகனைச் சார்ஜாவுக்கு ஏற்றிவிடப் போனேன். விமானம் காலை 5.40. "நாலு மணி நேரம் வேணும் அண்ணாச்சி" என்று டிரைவர் சொன்னார். நான் கேட்கவில்லை, ராத்திரி ஒரு மணிக்குத்தான் கிளம்பினோம். மார்த்தாண்டத்தில் மழை. களியக்காவிளை தாண்டும்போது மூன்றரை. 4.25-க்குச் சங்குமுகம் முனையத்தில் இறங்கினால், அது உள்நாட்டு விமானங்களுக்கானது. வெளிநாட்டு முனையம் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், சாக்கையில். சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது 4.50. புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே, 4.40-க்குக் கவுண்டரை மூடிவிட்டார்கள். அண்ணன் பெட்டிமேல் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி ஒன்றும் பேசாமல் நின்றார். டிக்கெட் பணம் போனது. வேலைக்குச் சேர வேண்டிய நாளும் போனது. அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் எவனாவது தொண்ணூறு என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

நாகர்கோவில் வழிக்கு நாலு மணி நேரம், கவுண்டருக்கு மூன்று மணி நேரம். இதில் பேரம் வேண்டாம்.

தூரத்தை வேகத்தால் வகுப்பது

தூத்துக்குடி வாகைக்குளத்திலிருந்து சென்னை வான்வழியில் ஏறக்குறைய 530 கிலோமீட்டர். மணிக்கு 800 என்று வகுத்து நாற்பது நிமிஷம் என்கிறார்கள். டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே போட்டிருக்கும். நிற்கிற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, இறங்கி மறுபடி நிறுத்துவது வரை அதில் சேர்த்தி. ஏடிஆர் என்கிற, விசிறி வைத்த சின்ன விமானம் என்றால் இன்னும் கூடும். அது மணிக்கு 500 சொச்சம்தான் பறக்கும். வாகைக்குளம் ஓடுபாதை வெறும் 1,350 மீட்டராக இருந்த காலத்தில் நமக்கு அந்த வண்டிதான் வந்துகொண்டிருந்தது. இப்போது 3,115 மீட்டர்.

இரண்டு ஊர் மணியைக் கழிப்பது

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். இங்கே 4.30-க்குக் கிளம்பி துபாயில் 7.00 என்றால் பயணம் இரண்டரை மணி அல்ல, நாலு மணி. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால்.

நள்ளிரவுத் தேதி

திருவனந்தபுரத்திலிருந்து 15-ஆம் தேதி 00.40 என்றிருந்தால், அது 14-ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டு தாண்டி நாற்பது நிமிஷம். மேலே சொன்ன நாலும் மூன்றும் ஏழு மணி நேரத்தைக் கழித்தால், 14-ஆம் தேதி சாயங்காலம் ஐந்தரைக்குள் கார் நெல்லை வண்ணார்பேட்டையைத் தாண்டியிருக்க வேண்டும்.