வல்லாரையின் மூலக்கூறை மூளை வாங்கியில் பொருத்திப் பார்ப்பது எப்படி?

உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலம் முழுவதும் அம்மம்மா வல்லாரைச் சம்பல் அரைத்துத் தருவார். "மூளைக்கு நல்லது பிள்ளை" என்பார். மூளையில் அது எங்கே போய் ஒட்டுகிறது என்ற கேள்வி அப்போதே எனக்குள் இருந்தது. போன வருடம்தான் என் மடிக்கணினியிலேயே அதைத் தேடிப் பார்த்தேன். இந்த வேலைக்கு டொக்கிங் என்று பெயர். வாங்கி என்பது கலத்தின் மேல் இருந்து மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும் புரதம். மூலக்கூறு ஒன்று அதன் குழிக்குள் எப்படி உட்காரக்கூடும் என்று கணினி கணித்துச் சொல்லும்.

தேவையான மென்பொருட்கள்: ஆட்டோடொக் வீனா (பொருத்திப் பார்ப்பதற்கு), ஓப்பன் பேபல், மீக்கோ (கோப்புகளைத் தயார்செய்வதற்கு), கைமெராஎக்ஸ் (திரையில் பார்ப்பதற்கு). மாணவர்களுக்கு எல்லாமே இலவசம். இணையத்தளத்தில் கோப்பை ஏற்றிவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் வழி வேண்டாம். கணினி தேட வேண்டிய எல்லையைக் குறிக்கும் பெட்டி எங்கே வைக்கப்பட்டது என்று உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

1. வாங்கி

புரதத் தரவு வங்கியில் 6எக்ஸ்3எக்ஸ் என்ற கோப்பை எடுங்கள். மனித காபா-ஏ வாங்கியோடு காபாவும் (நரம்புக்கலங்களை அடக்கும் மூளை இரசாயனம்) டயசிபாமும் (பதற்றத்தைத் தணிக்கும் மருந்து) ஒட்டியிருக்கும் நிலையை உறைகுளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டு பதிந்தது அது. இந்த வாங்கி ஐந்து உப அலகுகளால் ஆனது: இரண்டு ஆல்பா1, இரண்டு பீட்டா2, ஒரு காமா2. திறந்தால் குளோரைட்டு அயன் உள்ளே போகும், நரம்புக்கலம் அடங்கும். கோப்பில் பிறபொருளெதிரித் துண்டுகளும் இருக்கும். அவற்றை நீக்கிவிட்டு ஐதரசன்களைச் சேருங்கள்.

2. பெட்டி

நான் தவறியது இங்கேதான். அந்தக் கோப்பில் டயசிபாம் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இல்லை. மென்சவ்வுக்குள் புதைந்த பகுதியிலும் இருக்கிறது. நான் அங்கே இருந்த ஒன்றைச் சுற்றிப் பெட்டியைப் போட்டுவிட்டேன். பிடிப்பைக் காட்டும் எண்கள் நன்றாகவே வந்ததால் இரண்டு கிழமை அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

நமக்கு வேண்டிய குழி மென்சவ்வுக்கு வெளியே, ஆல்பா1க்கும் காமா2க்கும் நடுவில் இருக்கிறது. காமா2 ஒன்றே ஒன்று என்பதால் இந்த இடமும் ஒன்றுதான். ஒவ்வொரு டயசிபாமையும் தெரிவுசெய்து, 5 ஆங்ஸ்ட்ரோம் தூரத்துக்குள் என்னென்ன அமினோ அமிலங்கள் வருகின்றன என்று பாருங்கள். ஆல்பா1இன் 102ஆவது ஹிஸ்டிடின் வந்தால் அதுதான் சரியான இடம். அதை நடுவாக வைத்து, பக்கத்துக்கு 22 ஆங்ஸ்ட்ரோம் நீளமான பெட்டி போடுங்கள்.

அப்புறம் டயசிபாமை வெளியே எடுத்து, அதையே திரும்பப் பொருத்திப் பாருங்கள். பழைய இடத்திலிருந்து விலகல் 2 ஆங்ஸ்ட்ரோமுக்குள் இருந்தால் மட்டும் மேலே போங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

3. மூலக்கூறு

வல்லாரை என்றதும் எல்லோரும் அதன் இலையிலுள்ள ஏசியாட்டிகோசைடைத்தான் எடுப்பார்கள். அதன் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 959. டயசிபாமுடையது 285. இவ்வளவு பெரிய, வெல்லம் கோத்த மூலக்கூறு குருதி-மூளைத் தடையைக் கடப்பது கடினம். சாப்பிட்டபின் அதிலுள்ள மூன்று வெல்ல அலகுகளும் (இரண்டு குளுக்கோசு, ஒரு றம்னோசு) கழன்று, ஏசியாட்டிக் அமிலம் மிஞ்சும். நிறை 489. அதைத்தான் பொருத்த வேண்டும். இலையில் இருப்பதை விட்டுவிட்டு, மூளைவரை போகக்கூடியதை எடுங்கள்.

பப்கெம் தளத்தில் ஏசியாட்டிக் அமிலத்தின் முப்பரிமாணக் கோப்பு கிடைக்கும். ஏசியாட்டிகோசைடுக்கு அங்கே தட்டையான படம் மட்டுமே இருக்கும். ஐதரசன் தவிர்ந்த அணுக்கள் 50க்கு மேற்பட்டால் அந்தத் தளம் முப்பரிமாண வடிவம் தருவதில்லை. வீனா வளையங்களை மடக்காது, ஆகவே தட்டையாகக் கொடுத்தால் விடையும் பிழைக்கும்.

ஓப்பன் பேபலில் பிஎச் 7.4 என்று கொடுத்து, மீக்கோவால் கோப்பை மாற்றி, வீனாவை ஓட்டுங்கள். தேடல் ஆழம் இயல்பாக 8. நான் 32 வைப்பேன்.

4. விடையை வாசிப்பது

வீனா தரும் பிடிப்பு எண் கிலோகலோரி/மோலில் வரும். மறைப்பெறுமானம் கூடக் கூடப் பிடிப்பும் கூட. ஆனால் பெரிய மூலக்கூறுகளுக்குத் தொடும் இடங்கள் கூட என்பதால் எண்ணும் பெரிதாகவே வரும். எண்ணை மட்டும் பார்க்காமல், அந்த ஹிஸ்டிடினுக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கைமெராஎக்ஸில் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

ஒட்டினால் வேலை செய்யும் என்றும் எடுத்துவிட முடியாது. புளூமசெனில் இதே குழியில்தான் உட்காரும். ஆனால் அது டயசிபாமின் வேலையைத் தடுக்கும் மருந்து. வாங்கியைத் திறக்க உதவுமா, தடுக்குமா என்பதை ஆய்வுகூடத்தில் கலங்களின் மின்னோட்டத்தை அளந்துதான் சொல்லலாம். "வல்லாரை காபாவைத் தூண்டுகிறது" என்று இந்த எண்ணை வைத்து எழுதிவிடாதீர்கள்.

பின்சேர்க்கை

கைதடியில் சித்த மருத்துவம் படிக்கும் தங்கை ஒருவர், தனக்கு வேறு மூலக்கூறுகள் வருகின்றன என்று எழுதியிருந்தார். அவர் 'பிராமி' என்று தேடியிருக்கிறார். வட இந்தியாவில் அந்தப் பெயர் வல்லாரைக்கும் வழங்கும், நம் நீர்ப்பிரமிக்கும் வழங்கும். நீர்ப்பிரமியில் இருப்பது பாக்கோசைடுகள், அவை வேறு. சென்டெல்லா ஏசியாட்டிக்கா என்ற தாவரவியற் பெயரில் மட்டும் தேடுங்கள்.