ரொமாண்டிக் கவிதையின் கலகம்: எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷெல்லி, பைரன், வேர்ட்ஸ்வொர்த் போன்ற ஆங்கில ரொமாண்டிக் கவிகளைப் பற்றி எழுதத் தொடங்குகிறவர்கள் தங்கள் கட்டுரைகளை என்னிடம் திருத்தக் கொடுப்பதுண்டு. நானும் என் நண்பர்களும் ஆரம்பத்தில் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குகிறார்கள். ஆண்டு பிசகுவதும் பெயர் பிசகுவதும் யாராவது சுட்டிக்காட்டினால் சரியாகிவிடும். கட்டுரையையே கவிழ்த்துவிடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கடைசிச் சரணத்தை மட்டும் பிடுங்குவது

ஷெல்லியின் 'தி மாஸ்க் ஆஃப் அனார்க்கி' கவிதைக்கு நேரும் அநியாயம் இது. உறக்கம் கலைந்த சிங்கங்களாய் எழுங்கள், நீங்கள் பலர், அவர்கள் சிலர் என்ற சரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, 'ஆயுதம் ஏந்தச் சொன்ன கவி' என்று முடித்துவிடுகிறார்கள்.

ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் ஒரு மாணவர் அப்படித்தான் முழங்கினார். நல்ல கைதட்டல். அப்புறம் தேநீர் இடைவேளையில், அதற்குச் சில சரணங்கள் முன்னால் ஷெல்லி என்ன சொல்கிறார் என்று கேட்டேன். முழுக் கவிதையை அவர் படித்திருக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

நடந்தது இதுதான். 1819 ஆகஸ்ட் 16 அன்று, மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர்ஸ் மைதானத்தில் நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்டு சுமார் 60,000 பேர் கூடினார்கள். பெண்களும் குழந்தைகளும் இருந்த அந்தக் கூட்டத்துக்குள் குதிரைப்படை வாளோடு புகுந்தது. குறைந்தது 15 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயப்பட்டார்கள். இத்தாலியில் இருந்த ஷெல்லிக்கு செப்டம்பர் தொடக்கத்தில்தான் செய்தி எட்டியது. அந்த மாதமே 91 சரணங்கள் எழுதி லண்டனுக்கு அனுப்பிவிட்டார்.

அந்த வெட்டுக்குப் பதில் வெட்டு என்று அவர் சொல்லவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு காடு போல அசையாமல் நில்லுங்கள், வெட்டுகிறவனை நேராகப் பாருங்கள், அவன் வெட்கத்தோடு திரும்புவான் என்கிறார். சிங்கச் சரணம் கவிதையில் இரண்டு முறை வருகிறது. இரண்டுக்கும் நடுவில்தான் விடுதலை என்றால் என்ன என்று விளக்குகிறார்: உழைப்பவனுக்கு ரொட்டி, உடை, வீடு. இதை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் கோபம்.

கவிதையின் பிற்கால வாழ்வும் புரியாமல் போகும். ஷெல்லி அதை அனுப்பியது பத்திரிகை ஆசிரியரான நண்பர் லீ ஹண்டுக்கு. ஏற்கெனவே அவதூறு வழக்கில் சிறை கண்டிருந்த அவர், 1832 வரை அதை அச்சிடவில்லை. ஷெல்லி இறந்து அப்போது 10 வருடம். 2017இல், பொதுத்தேர்தல் முடிந்த கையோடு, கிளாஸ்டன்பரி இசைவிழா மேடையில் பிரிட்டனின் அப்போதைய தொழிற்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின் வாசித்ததும் அதே சிங்கச் சரணம்தான். ஆயுதப் போர் என்று எழுதிவிட்டவர் இதை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

எல்லோரையும் ஒரே கட்சியில் சேர்ப்பது

பிரெஞ்சுப் புரட்சியைக் கொண்டாடிய வேர்ட்ஸ்வொர்த், 1813இல் அரசின் முத்திரை வரி அதிகாரி. 1843இல் அரசவைக் கவிஞர். பெயரோடு வருடத்தையும் எழுதுங்கள்.

பைரனைக் காதல் மன்னனாக்கி நிறுத்துவது

1812 பிப்ரவரி 27 அன்று பிரபுக்கள் சபையில் அவர் பேசிய முதல் பேச்சு, தறி உடைத்த தொழிலாளர்களுக்கு மரண தண்டனை விதிக்கும் மசோதாவை எதிர்த்து. முதலில் அதைப் படியுங்கள்.

ராக் இசையோடு அவசர முடிச்சு

1969இல் லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் ஷெல்லியை வாசித்தார், சரி. வாசித்தது சக கவிஞர் கீட்ஸுக்காக ஷெல்லி எழுதிய இரங்கற்பாவிலிருந்து. தன் இசைக்குழுவில் இருந்து, இறந்துபோன பிரையன் ஜோன்ஸுக்காக. அது துக்கம். கலகத்துக்குச் சான்றாக அதை வைக்காதீர்கள்.

பாரதியை இழுத்து வருவது

பாரதியிடம் ஷெல்லியின் தாக்கம் உண்டு என்று நிறுவ, அவர் வைத்துக்கொண்ட ஷெல்லிதாசன் என்ற புனைபெயர் மட்டும் போதாது. எந்தப் பாட்டில், எந்த வரியில் என்று காட்டுங்கள்.