புது மென்பொருளுக்கு எஸ்.இ.ஓ.: எங்கே சறுக்குகிறோம்?

எஸ்.இ.ஓ. என்பது கூகுள் போன்ற தேடலில் நம் தளம் முன்னால் வருவதற்கான வேலை. சிறு கடைகளுக்கான ஜிஎஸ்டி பில்லிங் மென்பொருள் ஒன்றை நான்கைந்து பேர் சேர்ந்து உருவாக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தளம் வெளியான மறுநாளே ஒருவர் கூகுளில் "பில்லிங் சாஃப்ட்வேர்" என்று தேடிப் பார்ப்பார். தங்கள் பெயர் எங்கேயும் இருக்காது. உடனே அந்தச் சொல்லுக்கு முதல் பக்கத்தில் வந்தே ஆக வேண்டும் என்று முகப்பில் அதையே பத்து இடத்தில் நுழைப்பார்கள். பக்கத்தின் நிரலுக்குள் தேடுசொற்களைக் குறிக்கும் கீவேர்ட் மெட்டா டேகிலும் நிரப்புவார்கள். தரவரிசைக்கு அந்த டேகைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. புதுக் குழுக்களின் மாதங்களை அதிகம் தின்பது பெரிய சொல் மீதான இந்த ஆசைதான்.

டேலி, ஜோஹோ போன்றவர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த பெயரோடும், பிற தளங்கள் தந்த லிங்குகளோடும் அங்கே நிற்கிறார்கள். சரி, எப்படியோ அவர்களை முந்திவிட்டோம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் சொல்லைத் தட்டுகிறவருக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியாது. பாடத்துக்காகத் தேடும் மாணவராக இருக்கலாம், இலவசமாகக் கிடைக்குமா என்று பார்ப்பவராக இருக்கலாம். இன்னொருவரை நினைத்துப் பாருங்கள். சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி மாதம் 14ஆம் தேதி வருகிறது. மாதந்தோறும் தாக்கல் செய்பவர் 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பியை முடிக்க வேண்டும். இடையிலுள்ள ஆறு நாளில் ஒரு கடையின் கணக்காளர், சப்ளையர் போட்ட பில்லைக் காணாமல், "2பியில் பில் வரவில்லை என்ன செய்வது" என்று தேடுகிறார். கொள்முதல் பதிவேட்டை 2பியோடு ஒப்பிட்டு விடுபட்ட பில்களை உங்கள் மென்பொருள் காட்டும் என்றால், அவர்தான் உங்கள் வாடிக்கையாளர். மாதத்துக்குப் பத்துப் பேர்தான் அப்படித் தேடுகிறார்கள் என்றாலும், பத்துப் பேருக்கும் இன்றே தீர்வு வேண்டும்.

இத்தகைய சொற்றொடரை, ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கீவேர்ட் கருவியில் போட்டால் மாதத் தேடல் 0 என்று காட்டக்கூடும். அதை நம்பித் தூக்கிப் போடாதீர்கள். கருவி தருவது ஒரு மதிப்பீடு. அரிதான சொற்றொடர்கள் அதில் சரியாக விழுவதில்லை. சொற்களை எடுக்க வேண்டிய இடம் உங்கள் சப்போர்ட் வாட்ஸ்அப்பும் டெமோ அழைப்புகளும். கடைக்காரர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதிவையுங்கள். நாம் "இன்வென்ட்டரி மேலாண்மை" என்போம். அவர் "ஸ்டாக் டேலி ஆகவில்லை" என்பார். பக்கத்தின் தலைப்பு அவருடைய வாக்கியமாக இருக்கட்டும்.

அப்புறம், "ஜிஎஸ்டி என்றால் என்ன" வகைக் கட்டுரைகள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து அதை எழுதாதவர் இல்லை. 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் கூகுளின் ஏஐ ஓவர்வியூ என்ற தானியங்கிச் சுருக்கம் தேடல் பக்கத்தின் மேலேயே விடை தருகிறது. இப்படி ஒரு விளக்கத்தைத் தேடியவர் அதைப் படித்துவிட்டு அங்கிருந்தே போய்விடலாம். புதிய தளம் தன் முதல் முப்பது கட்டுரைகளை இதில் செலவிடுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதே உழைப்பில் "எக்ஸெலில் உள்ள ஸ்டாக் பட்டியலை இறக்குமதி செய்வது எப்படி", "பழைய மென்பொருளிலிருந்து லெட்ஜரை மாற்றுவது எப்படி" என்று ஸ்கிரீன்ஷாட்களோடு எழுதியிருக்கலாம். மென்பொருளை மாற்ற மனத்தளவில் முடிவெடுத்தவர்தான் அவற்றைத் தேடுவார்.

பக்கங்களைக் குவிப்பது இன்னொரு பொறி. "மதுரையில் பில்லிங் சாஃப்ட்வேர்", "திருச்சியில் பில்லிங் சாஃப்ட்வேர்" என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி இருநூறு பக்கம் போடுகிறார்கள். இவற்றை வாசல் பக்கங்கள் என்று கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் வைத்திருக்கிறது. 2024 மார்ச்சில், தரவரிசைக்காகவே மொத்தமாக உற்பத்தி செய்யும் உள்ளடக்கத்துக்கு எதிராகவும் விதி வந்தது. எழுதியது மனிதரா ஏஐயா என்பது அங்கே கேள்வியே இல்லை. படிப்பவருக்குப் பயன் உண்டா என்பதுதான் கேள்வி. பெரிய எண்ணிக்கையே குற்றம் என்று சொல்லவில்லை. செயலிகளை ஒன்றோடொன்று இணைத்துத் தரும் ஜேப்பியர் நிறுவனம் ஒவ்வொரு ஜோடி செயலிக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்தே அந்த இரண்டையும் உண்மையாகவே இணைக்கலாம். மதுரைப் பக்கத்தில் மதுரைக்காரருக்கென்று என்ன இருக்கிறது?

தொழில்நுட்பப் பக்கம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நான் அறிந்த ஒரு குழு, சோதனைத் தளத்தில் போட்டிருந்த, 'இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே' என்று சொல்லும் 'நோஇன்டெக்ஸ்' குறியை எடுக்காமலே வெளியிட்டுவிட்டது. மூன்று மாதம் கட்டுரை மேல் கட்டுரை எழுதினார்கள், ஒன்றுகூடத் தேடலில் வரவில்லை. கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் ஒரு முகவரியைக் கொடுத்துச் சோதித்திருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு பக்கம் தேடலில் வரக் கூடாது என்று நோஇன்டெக்ஸ் போட்டுவிட்டு, தேடல் ரோபோக்கள் எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் அதைத் தடுத்தால், கூகுள் உள்ளே வந்து அந்தக் குறியைப் படிக்கவே முடியாது. ரியாக்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில் கட்டிய தளமென்றால், பக்கத்தின் மூலநிரலைத் திறந்து எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் படிக்கும்தான். மற்ற எல்லா ரோபோக்களும் அப்படிச் செய்யும் என்று நம்ப முடியாது. விலைப் பக்கமும் உதவிப் பக்கங்களும் சர்வரிலிருந்தே எழுத்தாக வரட்டும். உதவிப் பக்கங்களை லாகினுக்குப் பின்னால் பூட்டிவைப்பதும் இதே இழப்புதான்.

பேக்லிங்க், அதாவது பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க், விற்பவர்களின் மின்னஞ்சல், தளம் திறந்த வாரமே வரும். வாங்காதீர்கள். 2013 டிசம்பரில் ராப் ஜீனியஸ் என்ற பாடல்வரித் தளம், தனக்கு லிங்க் கொடுப்பவர்களின் பதிவை ட்விட்டரில் பரப்புவதாக வலைப்பதிவர்களோடு ஏற்பாடு செய்தது. கிறிஸ்துமஸ் நாளில் கூகுள் அதைக் கீழே தள்ளியது. சொந்தப் பெயரைத் தேடினாலும் முதல் பக்கத்தில் வரவில்லை. லிங்குகளைத் தேடித் தேடி நீக்கிய பிறகு பத்து நாளில் திரும்பியது. ஏற்கெனவே பெரிய வாசகர் கூட்டம் உள்ள தளம் என்பதால் அது தாங்கியது. முதல் வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கும் குழுவுக்கு அது கடினம்.

தமிழில் தேடுபவர்களைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. இன்னும் சிலர் ஆங்கிலப் பக்கத்தை இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்து அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். கடைக்காரர் இரண்டு வரி படித்ததும் மூடிவிடுவார். பத்தே பக்கமானாலும், கடையில் பேசும் சொற்களில் ஒருவர் உட்கார்ந்து எழுதினால் போதும்.

எஸ்.இ.ஓ. பலன் தெரிய பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்பது கூகுள் தரப்பே சொன்ன கணக்கு. ஆறாவது வாரத்தில் ட்ராஃபிக் இல்லை என்று கைவிடுவதும், முதல் மூன்று மாதச் செலவுக்கு இதையே நம்பியிருப்பதும் ஒரே அளவு ஆபத்து. அதுவரை நேரடியாகக் கடைகளுக்கும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் போய்ப் பேசியே ஆக வேண்டும். இடையில் பெயர் பிடிக்கவில்லை என்று டொமைனை (தளத்தின் முகவரிப் பெயரை) மாற்றினால், ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு இணையான புதுப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடுதல்) செய்யுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிட வேண்டாம். அந்த ரீடைரக்ட் குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும். பழைய டொமைனையும் ஆண்டுதோறும் புதுப்பித்து வாருங்கள். காலாவதியானால் வேறொருவர் வாங்கி, உங்களுக்கு வந்த லிங்குகளின் மேல் தன் கடையை விரித்துவிடுவார்.