காயத்துக்குத் தையல் போடப் பழகுவது எப்படி: ஹவுஸ் சர்ஜன்களுக்கும் (பயிற்சி மருத்துவர்கள்) அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பி.ஜி.க்களுக்கும் (மேற்படிப்பு மருத்துவர்கள்)

சர்ஜரி போஸ்டிங்கில் காஷுவாலிட்டி (அவசரப் பிரிவு) டியூட்டி விழுந்த அன்றே கையில் ஊசியைப் பிடிக்கும் இடுக்கியான நீடில் ஹோல்டரைக் கொடுத்துவிடுவார்கள். "ஒன்று பார், ஒன்று செய், ஒன்று சொல்லிக்கொடு" என்கிற பழைய வழக்கம் இன்னும் போகவில்லை. அந்த "ஒன்று செய்" நோயாளியின் நெற்றியில் நடக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு வாரம், தினமும் அரை மணி நேரம் விடுதி அறையில் உட்கார்ந்தால் கை ஓரளவு பழகிவிடும்.

தேவையானவை: ஒரு 6 அங்குல நீடில் ஹோல்டர், ஒரு டூத்டு ஃபோர்செப்ஸ் (நுனியில் பல்லுள்ள சாமணம்), ஒரு கத்திரி, 3-0 நைலான் நூல் (இந்த எண் கூடக்கூட நூல் மெலிதாகும்). தேதி கடந்த சூச்சர் (தையல் நூல்) பாக்கெட்டுகள் இருந்தால் தியேட்டர் (அறுவை அரங்கு) சிஸ்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இறைச்சியில் பழகிய கருவியைத் தியேட்டருக்கோ மைனர் ஓ.டி.க்கோ (சிறு அறுவை அறை) திரும்பக் கொண்டுபோகவே கூடாது. தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பைக்கூடையில் போட்டால் குத்துப்படுவது விடுதியைக் கூட்டுபவர்தான். மூடியுள்ள கெட்டியான டப்பாவில் சேர்த்து, வார்டில் கூர்பொருட்களுக்கென்று இருக்கும் வெள்ளை டப்பாவில் கொட்டுங்கள்.

எதில் தைப்பது? முதல் இரண்டு நாள் வாழைப்பழத் தோல். அது மன்னிக்காது: ஊசியைத் திருப்பாமல் நேராகத் தள்ளினால் உடனே கிழியும், முடிச்சை இறுக்கினால் நூல் தோலை அறுத்துக்கொண்டு வெளியே வரும். பிறகு தோலோடு வாங்கிய கோழித்தொடை. மனிதத் தோலுக்கு மிக நெருக்கமானது பன்றிக்கால். கிடைத்தால் வேறு எதுவும் வேண்டாம். கடைகளில் விற்கும் சிலிக்கான் பேட் நல்லதுதான், ஆனால் திசு நசுங்குவதை அது காட்டிக்கொடுக்காது.

ஊசியைப் பிடிப்பதிலேயே பாதிப்பேர் தவறுகிறார்கள். நூல் சேரும் முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, ஹோல்டரின் நுனியில், செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். நூல் சேரும் இடத்திலேயே பிடித்தால் ஊசி வளையும் அல்லது ஒடியும். ஹோல்டர் தாடையின் உள்ளே தள்ளிப் பிடித்தால் கட்டுப்பாடு போய்விடும். வளையங்களில் கட்டைவிரலும் மோதிரவிரலும் முதல் கணு வரை மட்டும். ஆள்காட்டிவிரல் தண்டின் மேல் நீண்டிருக்கட்டும்.

ஊசி தோலுக்குள் 90 டிகிரியில் இறங்க வேண்டும். அதன்பின் தள்ளக் கூடாது. மணிக்கட்டைச் சுழற்றினால் ஊசி தன் வளைவிலேயே போகும். சாய்வாக இறக்கினால் பைட் (ஊசி எடுக்கும் திசு) மேலே அகலமாகவும் அடியில் குறுகியும் அமையும், முடிச்சுப் போட்டதும் விளிம்புகள் உள்ளே மடங்கிக்கொள்ளும். மடங்கிய விளிம்பு ஒட்டாது. கை கால் காயத்தில் விளிம்பிலிருந்து 5 மி.மீ., தையலுக்குத் தையல் 5 முதல் 10 மி.மீ.; முகத்தில் 5-0 அல்லது 6-0 நூலோடு 2 மி.மீ., 3 மி.மீ. என்று நெருங்க வேண்டும். இரு பக்கமும் ஒரே ஆழம் என்பது விதி. ஒரு பக்கம் மேடாக நின்றால், மேட்டுப் பக்கத்தில் மேலோட்டமாகவும் பள்ளத்துப் பக்கத்தில் ஆழமாகவும் எடுத்தால் சமமாகிவிடும்.

ஃபோர்செப்ஸால் தோலின் மேற்பரப்பை நசுக்கிப் பிடிக்காதீர்கள். அடியிலுள்ள உள்தோலை, அதாவது டெர்மிஸைத் தொட்டுத் தூக்கினால் போதும். நசுங்கிய விளிம்பு கறுத்து உதிர்ந்த பிறகு தையல் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

முடிச்சு. ஹோல்டரை எப்போதும் நூலின் இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் வையுங்கள்; நீள நூலை அதன் மேல் இரண்டு சுற்று சுற்றுங்கள்; குட்டை நுனியைக் கவ்வி எதிர்ப்பக்கம் இழுங்கள். மறுபடி நடுவில் வைத்து ஒரு சுற்று, இழுப்பு இப்போது மறுதிசையில். இந்த "நடுவில்" என்ற ஒரு சொல்லை மறக்காவிட்டால் நழுவாத ரீஃப் முடிச்சு தானாக விழும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சுற்றி ஒரே பக்கம் இழுப்பவர்களுக்கு வருவது கிரானி முடிச்சு. பார்க்க ஒன்றுபோல இருக்கும், இரவில் நழுவிவிடும். பின்னிய நூலான சில்க்குக்கு மூன்று முடிச்சு நிற்கும். நைலான் ஒற்றை இழை, சுருண்டிருந்த வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். நான்கு அல்லது ஐந்து போடுங்கள். முடிச்சைக் காயத்தின் மேல் உட்கார வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி, பிரிக்கும்போது பிடிக்க வாகாக 5 மி.மீ. வால் விட்டு வெட்டுங்கள்.

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, இறுக்குவது. விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டால் போதும். மறுநாள் காயம் எப்படியும் வீங்கும். அந்த வீக்கத்துக்கு இடம் விடாத தையல் தோலின் இரத்த ஓட்டத்தை நிறுத்தி, ரயில் தண்டவாளம் போன்ற தழும்பை விட்டுச்செல்லும். தைத்த இடம் வெளுத்திருந்தால் அப்போதே வெட்டி மறுபடி போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சொல்லிக்கொடுக்கும் பி.ஜி.க்கு: பெய்டன் வகுத்த நான்கு படி முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். முதலில் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டுங்கள். பிறகு ஒவ்வொரு அசைவையும் விளக்கிக்கொண்டு மெதுவாக. மூன்றாவது முறை மாணவர் வாயால் சொல்ல, நீங்கள் செய்யுங்கள். நான்காவதில் அவரே சொல்லி அவரே செய்யட்டும். பலர் மூன்றாவது படியை விட்டுவிடுகிறார்கள். மாணவருக்கு எது புரியவில்லை என்று தெரியவருவதே அங்கேதான். மதிப்பிடும்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஒரு தையலுக்கு எத்தனை முறை ஊசியைக் கையால் தொட்டார், திசுவை எத்தனை முறை விட்டுப் பிடித்தார் என்று எண்ணினால் போதும். வேகம் பின்னால் வரும்.

நோயாளியிடம் போகும்போது, மரக்க வைப்பதற்கு முன்பே காயத்துக்குக் கீழே உணர்ச்சி, நாடித்துடிப்பு, விரல் அசைவு பார்த்து எழுதிவிடுங்கள். ஊசி போட்ட பிறகு நரம்பு அறுந்திருந்ததா என்று சொல்ல முடியாது. மரக்க வைக்கும் மருந்தான லிக்னோகெய்ன் 2% என்றால் 1 மி.லி.யில் 20 மி.கி. அட்ரினலின் சேராததற்குக் கிலோவுக்கு 3 மி.கி. உச்சம், 50 கிலோ ஆளுக்கு 150 மி.கி., அதாவது 7.5 மி.லி. மட்டுமே. நீளக் காயத்துக்கு அது எட்டாது. சம அளவு நார்மல் சலைன் கலந்து 1% ஆக்கினால் 15 மி.லி. கிடைக்கும், மரப்பும் போதுமானதாக இருக்கும். ஒவ்வொரு முறையும் பின்னிழுத்து இரத்தம் வரவில்லை என்று பார்த்த பிறகே மருந்தைச் செலுத்துங்கள். மண் ஒட்டிய காயத்தைச் சலைனால் தாராளமாகக் கழுவுங்கள். உள்ளே அழுக்கை வைத்துத் தைப்பதைவிடத் தைக்காமல் விடுவது மேல். நாய்க்கடியைப் பொதுவாகத் தைப்பதில்லை. தைத்தே ஆக வேண்டும் என்றால் வெறிநோயைத் தடுக்கும் இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள் செலுத்தி, சில மணி நேரம் பொறுத்து, தளர்வாக ஓரிரு தையல்.

ஊசி உங்கள் விரலில் குத்திவிட்டால் பிதுக்காதீர்கள். ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே டியூட்டி மருத்துவரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

தையல் பிரிப்பது முகத்தில் 5 நாள், தலையில் 7 முதல் 10, உடம்பில் 10 வரை, காலிலும் மூட்டுகளின் மேலும் 14 நாள். முடிச்சைத் தூக்கி, தோலை ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்கள். வெளியே கிடந்து அழுக்கான நூல் உள்ளே போகாமலிருக்க அதுதான் வழி. இழுக்கும் திசை காயத்தை நோக்கி இருக்கட்டும். எதிர்ப்பக்கம் இழுத்தால் பத்து நாளில் ஒட்டியது வாய் பிளந்துவிடலாம்.