கூப்பனைக் கொண்டு பலசரக்குச் செலவைக் குறைப்பது எப்படி: வன்னிக் குடும்பங்களுக்கு

வன்னியில் வயதானவர்களிடம் கூப்பன் என்று சொன்னால் அவர்களுக்கு இன்றும் கூட்டுறவுச் சங்கக்கடைதான் நினைவுக்கு வரும். உலகப் போர்க் காலத்தில், 1942 இல், இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கியபோது பங்கீட்டுப் புத்தகத்துக்கு மக்கள் வாயில் நிலைத்த பெயர் கூப்பன் என்பதுதான். அதைக் காட்டி அரிசி வாங்கிய இடம் கூப்பன் கடை ஆயிற்று. 1979 இல் அந்த இடத்துக்கு உணவு முத்திரை வந்தது, பின்னர் இடப்பெயர்வுக் காலத்தில் நிவாரண அட்டை வந்தது. அவற்றைத் தந்தவர்கள் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துத் தந்தார்கள். இன்று பேரங்காடிப் பற்றுச்சீட்டின் அடியில் அச்சாகி வரும் கூப்பனை வியாபாரி தருகிறார். நாம் எவ்வளவுக்கு வாங்கினோம், அடுத்த முறை எவ்வளவுக்கு வாங்குவோம் என்பதே அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கை விளங்கிக்கொண்டு பயன்படுத்துபவருக்கு மாதச் செலவில் ஒரு பங்கு மிஞ்சும். எனினும் விசுவமடுவிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ பேருந்தேறி நகரத்துக்கு வந்து சாமான் வாங்குபவருக்கு, பேரங்காடிக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருப்பவரின் முறை அப்படியே பொருந்தாது. ஆகவே எங்கள் தூரத்தையும், எங்கள் வயல் வருமானத்தையும், ஊர்க்கடையின் கடன் கொப்பியையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விலைக் கொப்பி

கூப்பன் சேர்க்கத் தொடங்குவதற்கு முன்பு ஒரு சிறிய கொப்பி வாங்குங்கள். மாதந்தவறாமல் வீட்டுக்கு வாங்கும் சாமான்களில் பதினைந்தை மட்டும் தெரிவுசெய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சீனி, பருப்பு, கோதுமை மா, பால்மா, தேயிலை, தேங்காயெண்ணெய், சவர்க்காரம், சலவைத்தூள், பற்பசை என்பன பெரும்பாலும் எல்லார் பட்டியலிலும் இருக்கும். அந்தந்தப் பக்கத்தில் திகதி, கடை, நிறை, விலை ஆகியவற்றையும், 100 கிராம் எவ்வளவுக்கு வருகிறது என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். ஊர்க்கடை, சங்கக்கடை, அரசின் சதொசக் கடை, நகரத்துப் பேரங்காடி ஆகிய நான்கு இடங்களின் விலையும் அதில் ஏற வேண்டும். இதற்கு மூன்று கிழமை போதும்.

இந்த வேலையைத் தாண்டிக்கொண்டு நேரே கூப்பனுக்குப் போகவே பலர் விரும்புகிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ‘50 ரூபாய் கழிவு’ என்று கொட்டை எழுத்தில் போட்ட பொருள், எங்கள் ஊர்க்கடையில் எந்தக் கழிவும் இல்லாமலே அதைவிடக் குறைந்த விலைக்கு இருந்ததைக் கொப்பி எழுதிய பிறகுதான் கண்டேன். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது; ஓராண்டுக்குள் உணவு விலை ஏறக்குறைய இரட்டித்தது என்பது அதன் பொருள். கிழமைக்குக் கிழமை விலை மாறிய அந்த நாட்களில், ஒரு பொருளுக்கு எது நியாயமான விலை என்கிற நிதானம் எங்களிற் பலருக்குத் தவறிப்போனது. அது தவறியவருக்கு எல்லாக் கழிவும் பெரிய கழிவாகவே தெரியும்.

100 கிராம் விலையை ஏன் எழுதச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கணக்கைக் காட்டுகிறேன். இதிலுள்ள விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. 400 கிராம் பால்மாப் பைக்கற்று 1,100 ரூபாய், ஒரு கிலோப் பைக்கற்று 2,650 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சிறியதில் 100 கிராம் 275 ரூபாய்க்கும் பெரியதில் 265 ரூபாய்க்கும் வருவதால் பெரியதே இலாபம். இப்போது சிறிய பைக்கற்றுக்கு 100 ரூபாய் கூப்பன் உங்கள் கையில் இருந்தால், அது 1,000 ரூபாய்க்கு வந்து 100 கிராம் 250 ரூபாய் ஆகிவிடுகிறது, நிலைமை தலைகீழாகிறது. பொதுவாக, குறித்த தொகையைக் கழிக்கும் கூப்பன் சிறிய பைக்கற்றிலும், வீதக் கணக்கில் கழிக்கும் கூப்பன் பெரிய பைக்கற்றிலும் கூடுதலாக உதவும்.

எவையெல்லாம் கையில் வரும்

கிளிநொச்சி, வவுனியா போன்ற நகரங்களில் உள்ள பேரங்காடிகளில் வாங்கும்போது, ‘அடுத்த முறை இத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கினால் இத்தனை ரூபாய் கழிவு’ என்று பற்றுச்சீட்டோடு வருவது ஒரு வகை. தொலைபேசி இலக்கத்தைப் பதிந்தால் புள்ளிகள் சேர்ந்து பின்னர் காசாகக் கழிவது இன்னொரு வகை; காசாளரிடம் இலக்கத்தைச் சொல்ல மறந்தால் அந்த நாளின் புள்ளி போனது போனதுதான். வங்கி அட்டைகளுக்குக் கிழமையின் குறித்த நாட்களில் மரக்கறி, பழம், மீன் போன்றவற்றில் கழிவு தருவதும் உண்டு. உற்பத்தி நிறுவனங்கள் பைக்கற்றின் உள்ளே சுரண்டும் இலக்கம் வைப்பதைப் பெரும்பாலும் அதிட்டச் சீட்டாகவே கருதுங்கள். அதை நம்பி ஒரு பைக்கற்றுக் கூட வாங்க வேண்டியதில்லை. சங்கக்கடையில் அங்கத்தவராக இருப்பவர்கள் அங்கத்தவருக்கென ஏதாவது சலுகை இருக்கிறதா என்று முகாமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். சித்திரைப் புத்தாண்டுக் காலத்திலும் மார்கழியிலும் கழிவுகள் கூடுதலாக வரும் என்பதால், கெடாத சாமான்களை அந்த நாட்களுக்கென்று ஒத்திவைக்கலாம்.

வட்ஸ்அப்பில் சுற்றிவரும் ‘ஆண்டு நிறைவை முன்னிட்டு 10,000 ரூபாய் இலவச வவுச்சர்’ என்கிற செய்திகளைத் திறக்கவே வேண்டாம். பேரங்காடி எதுவும் உங்கள் வங்கி அட்டை இலக்கத்தையோ, தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணையோ கேட்டு இலவசம் தருவதில்லை.

கனடாவிலிருக்கும் சொந்தக்காரர் அனுப்பும் காணொளிகளில், ஒரு வண்டி நிறையச் சாமானை ஏறக்குறைய இலவசமாகத் தள்ளிக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். வட அமெரிக்காவில் உற்பத்தியாளர் தரும் கூப்பனையும் கடை தரும் கூப்பனையும் சில கடைகளில் ஒரே பொருளுக்குச் சேர்த்துக் கொடுக்க முடிவதால் அது அங்கே நடக்கிறது. இங்கே பெரும்பாலான கூப்பன்களில் ‘வேறு சலுகைகளுடன் சேர்க்க முடியாது’ என்ற வரி இருக்கும். அந்தக் காணொளியை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குபவர் இரண்டாம் மாதமே சலித்துப்போவார்.

சிறிய எழுத்தை வாசித்தல்

பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சப்பாத்து வவுச்சரோடு கடைக்குப் போன தாய்மாருக்கு இது புதிய பாடம் அன்று. குறித்த திகதிக்குள், அந்த வவுச்சரை ஏற்கும் கடையில் மாத்திரம் செல்லும். திகதி பிந்தினால் வெறும் கடதாசி. பலசரக்குக் கூப்பனிலும் அதே வரிசையில் பாருங்கள்: எந்தத் திகதி வரை, எந்தக் கிளையில், எந்தப் பொருளுக்கு, எந்த நிறைக்கு, ஆகக் குறைந்த கொள்வனவு எவ்வளவு, ஆகக் கூடிய கழிவு எவ்வளவு. ‘25 வீதக் கழிவு’ என்று மேலே இருந்தாலும், ஆகக் கூடியது 500 ரூபாய் என்று கீழே இருந்தால் 2,000 ரூபாய்க்கு மேல் வாங்குவதற்கு அந்தக் கூப்பன் உதவாது.

ஆகக் குறைந்த கொள்வனவுத் தொகைதான் எங்களைப் போன்றவர்களை விழுத்தும் இடம். 5,000 ரூபாய்க்கு வாங்கினால் 500 ரூபாய் கழிவு என்ற கூப்பன் இருக்கிறது, உங்கள் பட்டியலோ 3,400 ரூபாயில் முடிகிறது என்றால், மிகுதி 1,600 ரூபாய்க்குக் கண்ணில் பட்டதையெல்லாம் கூடைக்குள் போட்டு 500 ரூபாயைக் ‘காப்பாற்றி’, உண்மையில் 1,100 ரூபாயைக் கூடுதலாகச் செலவழித்துவிட்டு வீடு திரும்புவோம். இதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. அடுத்த மாதம் கட்டாயம் தேவைப்படும் சவர்க்காரம், சலவைத்தூள், பற்பசை போன்றவற்றை இப்போதே வாங்கித் தொகையை நிரப்புவது ஒன்று. பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரே பற்றுச்சீட்டில் வாங்கி, கழிவை இருவரும் செலவின் விகிதப்படி பிரித்துக்கொள்வது மற்றது. நான் இதையே விரும்புவேன், ஏனெனில் ஒருவர் போனாலே இருவருக்கும் சாமான் வந்துவிடுவதால் ஒரு பேருந்துக் காசும் மிஞ்சுகிறது.

பேருந்துக் காசைக் கழிக்காத கணக்கு வன்னியில் கணக்கே ஆகாது. போய்வர 250 ரூபாய் செலவாகுமென்றால், 300 ரூபாய்க் கூப்பன் உங்களுக்கு 50 ரூபாய்க் கூப்பன்தான், அதுவும் வெயிலில் நின்ற நேரத்துக்கு விலை போடாமல். வைத்தியசாலைக்கோ கச்சேரிக்கோ வங்கிக்கோ எப்படியும் போகவேண்டிய நாளைப் பார்த்துக் கூப்பனையும் அதே நாளில் பயன்படுத்துங்கள்.

வைத்திருக்கும் முறை

கூப்பனை எங்கே வைப்பது என்பது சிரிப்புக்குரிய கேள்வியாகத் தோன்றலாம். என் முதலாவது பெரிய கூப்பனை, 600 ரூபாய் பெறுமதியானதை, சமையலறையில் தகரக் கூரைக்குச் சற்றுக் கீழே இருந்த தட்டில் செருகி வைத்தேன். பற்றுச்சீட்டுத் தாள் மையால் அச்சாவதில்லை, சூட்டினால் எழுத்துத் தோன்றும் தாள் அது. மேலும் சூடு பட்டால் தாள் முழுவதுமே கறுத்துவிடும். பங்குனி வெயிலில் மூன்று கிழமை இருந்த கூப்பனைக் காசாளர் பெண்பிள்ளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், “அக்கா, இதில ஒண்டும் தெரியேல்லையே” என்றார். எனக்குப் பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். கூடையிலிருந்து இரண்டு சாமானை எடுத்துத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

ஆகவே கூப்பன் கிடைத்த அன்றே தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். கோடுகள் தெளிவாக விழுந்திருந்தால் சில கடைகளில் படத்தையே ஏற்பார்கள், ஏற்காவிட்டாலும் திகதியாவது உங்களிடம் இருக்கும். தாளைப் பிஸ்கற் பேணி ஒன்றில், அடுப்படிக்கும் யன்னலுக்கும் தூரமாக, திகதி முந்தியது மேலே வரும்படி அடுக்குங்கள்.

சாமானையும் அவ்வாறே பார்க்க வேண்டும். கூப்பன் இருக்கிறதென்று ஆறு கிலோப் பருப்பு வாங்கினால், எங்கள் வெப்பத்தில் அரைவாசியை வண்டு பார்த்துக்கொள்ளும். மா, ரவை, பிஸ்கற் ஆகியவற்றை ஒரு மாதத்துக்கு மேல் சேர்க்காமலிருப்பது நல்லது. பருப்பைக் காற்றுப் புகாத போத்தலில் காய்ந்த வேப்பிலையோடு வைத்தால் சற்றுக் கூடுதலாகத் தாங்கும்.

கூப்பன் வேண்டாத சாமான்கள்

அரிசிக்குக் கூப்பன் தேடி அலைவது வன்னியில் தேவையற்ற வேலை. பெரும்போக அறுவடை முடியும் தை, மாசி, பங்குனி மாதங்களில் தெரிந்த வயற்காரரிடம் நெல்லாக வாங்கி, அவித்துக் காயவைத்து ஆலையில் குற்றுவித்தால் வரும் விலைக்குப் பேரங்காடிக் கழிவு அநேகமாக ஈடாகாது. கூலியையும் தவிட்டையும் உமியையும் சேர்த்துக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். மரக்கறிக்குச் சந்தையும், மீனுக்கு முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவரும் இருக்கும்வரை அவற்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

இங்கே ஊர்க்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூப்பன் முறை மாதச் சம்பளக்காரரை நினைத்து அமைந்தது. கையில் எப்போதும் காசு இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. எங்களில் பலருக்குக் காசு அறுவடைக்கோ, கூலி கிடைத்த நாளுக்கோதான் வருகிறது, இடைப்பட்ட நாட்களை ஊர்க்கடைக்காரரின் கடன் கொப்பியே கடத்தி விடுகிறது. கையில் காசுள்ள மாதத்தில் எல்லாவற்றையும் நகரத்தில் வாங்கிவிட்டு, காசில்லாத மாதத்தில் மட்டும் அவர் வாசலில் நிற்பது நியாயமும் ஆகாது, நெடுநாள் நடக்கவும் மாட்டாது. நான் உணவுச் சாமான்களைப் பெரும்பாலும் ஊரிலும், சவர்க்காரம், பால்மா போன்ற விலைகூடிய பைக்கற்றுச் சாமான்களைக் கூப்பனோடு நகரத்திலும் வாங்குகிறேன். அறுவடைக் காசில் 5,000 ரூபாயைக் கூப்பனுக்கென்று வேறாக எடுத்து வைப்பதால், நல்ல கழிவு வரும் நாளில் கடன்பட வேண்டியிருப்பதில்லை. கழிவுக்காகக் கடனட்டையில் வாங்கி, தவணைக்குள் முழுத்தொகையையும் கட்டாதவருக்கு, வட்டி அந்தக் கழிவைத் தின்றுவிடும்.

காசாளர் முன்னால்

கூப்பனைக் கணக்குப் போடத் தொடங்கும் முன்பே காட்டுங்கள். பணம் கட்டிய பிறகு பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். தட்டில் ஒட்டியிருந்த விலையும் பற்றுச்சீட்டில் விழுந்த விலையும் ஒன்றா, கழிவு தனி வரியாகக் கழிந்திருக்கிறதா என்று அந்த இடத்திலேயே நின்று பாருங்கள். பைக்கற்றில் அச்சிட்டுள்ள அதிகூடிய சில்லறை விலைக்கு மேல் எந்தக் கடையும் விற்கக் கூடாது. அப்படி நடந்தால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் முறைப்பாட்டை நிறுவுவது கடினம் என்பதால் அதையும் பேணிக்குள் போடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று தொகைகளை எழுதுங்கள்: இதே சாமானை ஊரில் வாங்கியிருந்தால் எவ்வளவு, நகரத்தில் எவ்வளவு கொடுத்தோம், பேருந்துக்கு எவ்வளவு போனது. என் முதல் மாதக் கணக்கில் 40 ரூபாய் நட்டம். இரண்டாம் மாதம் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன நாளிலேயே, பக்கத்து வீட்டுப் பட்டியலையும் சேர்த்து வாங்கினேன். என் பங்குக்கு 430 ரூபாய் மிஞ்சியது.