ஒட்டு மாங்கன்றுக்குக் கவாத்து: முதல் மூன்று ஆண்டுகளில் எப்போது, எங்கே, எப்படி வெட்டுவது?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணத்திலிருந்து போச்சம்பள்ளி போகும் வழியில் எங்கள் தோட்டம் இருக்கிறது. அதன் வேலியோரம் ஏழு வயதுப் பெங்களூரா மாமரம் ஒன்று நின்றது. ஒரு சித்திரை மாதக் கோடை மழையில், காய்கள் பருத்துக்கொண்டிருந்த நேரத்தில், அது உச்சியிலிருந்து அடிவரை இரண்டாகப் பிளந்து விழுந்துவிட்டது. அன்று அடித்தது சூறைக்காற்று அல்ல; பக்கத்து மரங்களில் கிளைகூட ஒடியவில்லை. பிளந்த இடத்தைத் தடவிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. இரண்டு பெரிய கிளைகளும் கைகூப்பியதுபோல நெருங்கி, நேராக மேலே வளர்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே பட்டை உள்பக்கமாக மடிந்து சிக்கியிருந்தது. ஏழு ஆண்டுகளாக அந்தக் கிளைகள் ஒன்றோடொன்று சாய்ந்து நின்றனவே தவிர, மரத்தோடு மரமாகச் சேரவே இல்லை. கன்றாக இருந்தபோது அவற்றில் ஒன்று பென்சில் கனம்தான் இருந்திருக்கும். அன்றைக்கு ஒரே ஒரு வெட்டு போதுமாக இருந்தது.

நம் மாவட்டத்தில் மல்பெரியைக் கவாத்து செய்ய யாரும் தயங்குவதில்லை. ஓசூர்ப் பக்கம் ரோஜாவையும் தயங்காமல் வெட்டிவிடுகிறார்கள். மாங்கன்றில் கத்தரியை வைக்க மட்டும் மனம் வருவதில்லை. தயங்கித் தயங்கி, கை கனத்துக்கு வந்த கிளையைப் பத்தாம் ஆண்டில் ரம்பத்தால் அறுக்கிறோம். மரத்துக்கு அதுதான் உண்மையான கொடுமை. சிறிய காயம் ஒரு பருவத்தில் மூடிக்கொள்ளும். பெரிய காயம் வழியே தண்டுத் துளைப்பான் புழுவும் நுனிக்கருகல் நோயும் உள்ளே போகும்.

காலம்

காய்க்கும் மரத்துக்கு நம் பகுதியில் கவாத்துக் காலம் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள், அதாவது ஆவணியும் புரட்டாசியின் தொடக்கமும். அறுவடை முடிந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும். அப்போது வெட்டினால் வரும் கொழுந்து, மார்கழியில் பூக்கும் பருவம் தொடங்குவதற்குள் முற்றிவிடும். பூப்பைப் பற்றிக் கவலையில்லாத இளங்கன்றுக்கு இன்னும் கொஞ்சம் தாராளம் உண்டு. ஆனி முதல் புரட்டாசி வரை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். ஆடிக்காற்று பலமாக அடிக்கும் மேட்டுநிலமானால் அது தணியும்வரை பொறுத்திருங்கள். புதிதாக முளைக்கும் துளிர் காற்றில் எளிதாக முறியும்.

மூன்று சமயங்களில் கத்தரியைத் தொடாதீர்கள். பங்குனி, சித்திரை வெயிலில் வெட்டினால் நிழல் இழந்த பட்டை வெந்து வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயம் உலராது, பூஞ்சாணம் ஏறும். மூன்றாவது சமயத்துக்கு நாள்காட்டி உதவாது, கன்றைத்தான் பார்க்க வேண்டும். மா ஒரே சீராக வளர்வதில்லை. ஒரு முறை கொழுந்து விடும், நிற்கும், முற்றும், மறுபடி கொழுந்து விடும். இலைகள் செம்பு நிறத்திலோ வெளிர் பச்சையிலோ துவண்டு தொங்கினால், வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்த சத்தை அப்போதுதான் செலவழித்திருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் வெட்டுவது கைமுதலைப் பறிப்பதற்குச் சமம். இலையை மடித்துப் பாருங்கள். கரும்பச்சையாக, மொரமொரவென்று உடைந்தால் வெட்டலாம்.

கையில் இருக்க வேண்டியவை

கூரான கவாத்துக் கத்தரி ஒன்று போதும். விரல் கனத்துக்கு மேல் போனால் சிறிய கவாத்து ரம்பம். அரிவாள் வேண்டாம், அது வெட்டாது, பிளக்கும். ஒவ்வொரு கன்று முடிந்ததும் கத்தரியின் வாயை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், முகத்தை வெட்டுக்கு நேராக வைக்காதீர்கள். மாவும் முந்திரியும் ஒரே குடும்பம். மாம்பால் பட்ட தோல் வெந்து கறுத்துப்போகும், கண்ணில் தெறித்தால் நிலைமை மோசம்.

காயத்தில் பூஞ்சாணம் ஏறாமல் பூசும் போர்டோ பசையை வீட்டிலேயே செய்யலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டரில் கரைத்து ஆறவிடுங்கள். பிறகு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. துரு போகத் தேய்த்த இரும்புக் கத்தி முனையை அதில் ஒரு நிமிடம் நனைத்து எடுங்கள். முனையில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே பூசிவிடுங்கள்.

முதல் வேலை: ஒட்டைப் பாருங்கள்

சந்தூர்ப் பண்ணைகளில் வாங்கிய கன்றாக இருந்தாலும் வேறெங்கே வாங்கியதாக இருந்தாலும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒட்டுப்போட்ட தழும்பு தெரியும். அங்கே பாலித்தீன் நாடா இன்னும் சுற்றியிருந்தால் பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள். தண்டு பருக்கப் பருக்க அது கழுத்தை இறுக்கும்.

அந்தத் தழும்புக்குக் கீழே எது முளைத்தாலும் அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகம் அல்ல, வேர்ச்செடியான நாட்டுமா. அது எப்போதும் ஒட்டுக்கிளையைவிட வேகமாக, பார்க்க அழகாக வளரும். ‘நன்றாகத் தழைக்கிறதே’ என்று விட்டுவைத்தவர்கள், ஐந்தாறு ஆண்டு தண்ணீர் ஊற்றிய பிறகு, அல்போன்சா இருக்க வேண்டிய இடத்தில் நாரும் புளிப்புமாக ஒரு காயைப் பறித்திருக்கிறார்கள். கீழே வரும் துளிரை நகக்கணு அளவில் இருக்கும்போதே கையால் கிள்ளிவிடுங்கள். மாதம் ஒரு முறை இதற்காகவே குனிந்து பார்ப்பது நல்லது.

தலைவெட்டு

நட்ட கன்று வேர்பிடித்து, ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து, தண்டு ஆட்காட்டி விரல் கனம் வந்ததும் உச்சியை வெட்ட வேண்டும். நட்டு ஓராண்டில் பெரும்பாலும் இந்த நிலைக்கு வந்துவிடும். தரையிலிருந்து 60 முதல் 70 செ.மீ. உயரத்தில், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். மரங்களுக்கு இடையே டிராக்டர் ஓட்டுகிறவர்கள் 90 செ.மீ. வரை விடலாம். அதற்கு மேல் வேண்டாம்.

எந்த உயரம் என்பதைவிட எந்த இடம் என்பதுதான் முக்கியம். மாந்தண்டைக் கூர்ந்து பாருங்கள். ஒவ்வொரு கொழுந்து வளர்ச்சியும் முடிந்த இடத்தில் கணுக்கள் நெருங்கி, தண்டு சற்றுத் தடித்து ஒரு முடிச்சுப் போல இருக்கும். இலைகளும் அங்கேதான் கொத்தாக நிற்கும். அந்த முடிச்சுக்கு மேலே வெட்டினால் அங்கிருக்கும் மொட்டுகள் எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்ளும். ஒரே மட்டத்தில் ஏழெட்டுக் கிளைகள் துடைப்பம்போலக் கிளம்பும், எல்லாம் ஒரே புள்ளியில் பற்றியிருக்கும். பின்னாளில் பிளப்பது இந்த மரம்தான். முடிச்சுக்குக் கீழே, அதைச் சேர்த்து நீக்கும்படி வெட்டினால், துளிர்கள் குறைவாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, வெவ்வேறு உயரத்தில் வரும். இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆகின. ஆகவே அழுத்திச் சொல்கிறேன்: முடிச்சுக்குக் கீழே வெட்டுங்கள்.

வெட்டு சற்றுச் சாய்வாக இருக்கட்டும், தண்ணீர் தேங்காது. பால் வடிந்து நின்றதும் பசையைப் பூசுங்கள். வெட்டுக்குக் கீழே உள்ள இலைகளைப் பறிக்காதீர்கள், கன்றுக்கு இப்போது உணவு சமைப்பவை அவைதாம்.

எந்தக் கிளை நிற்க வேண்டும்?

இரண்டு மூன்று வாரங்களில் துளிர்கள் கிளம்பும். அவசரப்படாமல் ஒரு சாண் நீளம் வரும்வரை விடுங்கள். பிறகு மூன்று, அதிகம் போனால் நான்கை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் அவை அடுப்புக்கல் மூன்றும் நிற்பதுபோலத் திசைக்கு ஒன்றாக இருக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நான்கு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். தண்டோடு ஒட்டி நிமிர்ந்து நிற்பதை விட்டுவைக்காதீர்கள், அது எவ்வளவு தடித்திருந்தாலும் சரி. பாதி சாய்ந்து விரிந்து போவதுதான் நாளைக்குக் காயைச் சுமக்கும். திசை சரியாக இருந்தும் நிமிர்ந்தே வளர்ந்தால் பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கிளையில் தளர்வாகக் கட்டி, தரையில் ஒரு முளைக்குச்சி அடித்து மெல்ல இழுத்துக் கட்டுங்கள். இரண்டு மாதத்தில் அந்தச் சாய்விலேயே கிளை முற்றிவிடும். சணலோ கம்பியோ பட்டையை அறுக்கும்.

அடுத்த இரண்டு வெட்டுகள்

தேர்ந்தெடுத்த கிளைகள் முக்கால் மீட்டர் நீண்டு, இலை முற்றியதும், அரை மீட்டர் அளவில் மறுபடியும் முடிச்சுக்குக் கீழே வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் வெளிப்பக்கம் போகும் இரண்டு அல்லது மூன்று துளிர்களை விடுங்கள். அவையும் அந்த நீளம் வந்ததும் இன்னொரு முறை அதையே செய்யுங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் மரம் உயரமாக இருக்காது, ஆனால் கிண்ணம்போல விரிந்து, நடுவே வெயில் இறங்கும். எத்தனை முறை வெட்டினாலும் ஒரு தடவையில் இலைகளில் கால்பங்குக்கு மேல் போகக் கூடாது. நீலம், பையூர் 1 போன்ற ரகங்கள் இயல்பாகவே அடங்கி வளர்பவை. அவற்றுக்கு மூன்றாவது வெட்டு பெரும்பாலும் தேவைப்படாது.

தப்பித்தவறித் தடித்துவிட்ட கிளையை எடுக்க நேர்ந்தால் முதலில் அடிப்பக்கம் கால்பங்கு அறுத்துக்கொண்டு, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுங்கள். இல்லாவிட்டால் கிளை விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும். மிச்சமிருக்கும் குட்டையைக் கடைசியாக வெட்டும்போது, கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் கழுத்தை விட்டுவிட்டு, அதன் விளிம்பில் வெட்டுங்கள். காயத்தை மூடும் சதை அந்தக் கழுத்திலிருந்துதான் வளரும்.

வெட்டிய பிறகு

கன்றைச் சுற்றிப் பாத்தி கிளறி, மக்கிய தொழு உரம் பத்து கிலோ போட்டுத் தண்ணீர் விடுங்கள். அடுத்து வரும் இளங்கொழுந்தைக் கவனமாகப் பாருங்கள். கத்தரியால் நறுக்கியதுபோல இளம் இலைகள் பாதியாக வெட்டுண்டு கீழே கிடந்தால் அது இலை வெட்டும் வண்டின் வேலை. விழுந்த துண்டுகளில்தான் அதன் முட்டை இருக்கும், பெருக்கி எடுத்து எரித்துவிட வேண்டும். கோடை வருமுன் தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் வெயில் சுடாது.

ஒட்டுக்கன்று இரண்டாம் ஆண்டிலேயே, சில சமயம் முதல் ஆண்டிலேயே, பூத்துவிடும். வீட்டில் எல்லோரும் ‘ஒரு காயாவது இருக்கட்டும்’ என்பார்கள். என் பேத்தி அதற்காக அழுதே இருக்கிறாள். ஆனாலும் மூன்று ஆண்டுகள் வரும் பூங்கொத்தைக் கிள்ளிவிடத்தான் வேண்டும். விரல் கனக் கிளையால் பெங்களூராக் காயைத் தூக்க முடியாது. நான்காம் ஆண்டு தை மாதம் வரும் பூவை விட்டுவிடுங்கள். தரையில் நின்று கையாலேயே பறிக்கும் உயரத்தில் காய் தொங்கும், தொரட்டி தேவைப்படாது, அடிபடாத பழமாக வீட்டுக்கு வரும்.