தலையில் அடிபட்ட கீப்பர் மறுபடி கிளவுஸ் போடலாமா?

கடினப்பந்துக் கிரிக்கெட் ஆடும் பல அணிகளில் கீப்பர் ஒருவர்தான். அவருக்குத் தலையில் அடிபட்டால் "வாற சனிக்கிழமை யார் நிக்கிறது" என்ற பேச்சுத்தான் முதலில் எழும். அவர் நிற்கலாமா என்பதை யாரும் கேட்பதில்லை. கன்கஷன், அதாவது மூளை அதிர்வு ஏற்பட்ட விக்கெட் காப்பாளரை எப்போது, எப்படித் திருப்பி எடுப்பது, எப்போது திருப்பி எடுக்கவே கூடாது என்பதற்கான வழிமுறை இது. திருகோணமலையில் கழகமோ பாடசாலை அணியோ நடத்துகிறவர்களுக்காக எழுதுகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். தலையிடி நின்றுவிட்டது என்பதற்காகக் கீப்பிங்குக்குத் தயார் என்று ஆகிவிடாது. 50 ஓவர் ஆட்டத்தில் கீப்பர் குறைந்தது 300 தடவை குந்தி எழும்புகிறார். ஒவ்வொரு பந்துக்கும் கண் தூரத்திலிருந்து கிட்டத்துக்கு ஓடிவர வேண்டும். நடுவில் துடுப்பு மறைக்கும், பந்து திசை மாறும், தலை சட்டென்று திரும்பும், பாய்ந்து விழ வேண்டியும் வரும். மூளை அதிர்வில் கண்ணும் சமநிலையும் அடிக்கடி பாதிக்கப்படும். வீட்டில் கதிரையில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. முப்பதாவது ஓவரில்தான் தலை சுற்றும்.

கீப்பருக்கு அடி விழும் வழிகளையும் அறிந்திருக்க வேண்டும். சுழற்பந்துக்குக் கிட்ட நிற்கும்போது உள்விளிம்பில் பட்டு எழும் பந்து, ஸ்வீப் அடிப்பவரின் துடுப்பு சுற்றிவரும் வேகம், தெறிக்கும் பெயில்ஸ், உயரப் போன கேட்சுக்கு இருவர் ஓடி முட்டிக்கொள்வது, பாயும்போது தலை நிலத்தில் மோதுவது. தலையில் நேரடியாகப் படாமல் உடம்பு மட்டும் பலமாகக் குலுங்கினாலும் மூளை அதிர்வு வரலாம்.

அடிபட்ட அன்று

சந்தேகம் இருந்தால் வெளியே எடுங்கள், அன்று திரும்ப இறக்காதீர்கள். பதில் வீரர் கீப்பிங் செய்ய முடியாது என்ற பழைய எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. கிரிக்கெட்டின் 2017 விதித்தொகுப்பின்படி, நடுவர்கள் சம்மதித்தால் பதில் களத்தடுப்பாளர் கீப்பராக நிற்கலாம். பதிலாக வருபவர் துடுப்பெடுத்தாடவும் பந்துவீசவும் முடிகிற மூளை அதிர்வு மாற்று வீரர் முறையைச் சர்வதேசப் போட்டிகளில் ஐ.சி.சி. 2019 ஓகஸ்ட் 1 முதல் அனுமதிக்கிறது. உள்ளூர்ச் சுற்றுப்போட்டியில் அது உண்டா என்று தொடங்க முதலே ஏற்பாட்டாளரிடம் கேட்டு வையுங்கள்.

"தம்பி, ஓகேயா?" என்று கேட்டால் எந்தக் கீப்பரும் "ஓம் அண்ணை" என்றுதான் சொல்வார். அதனால் இப்படிக் கேளுங்கள்: இப்ப எந்த மைதானத்தில நிக்கிறம்? ஆர் பந்து போடுறது? கடைசியா விழுந்தது ஆற்ர விக்கெட்? போன மட்ச் ஆரோட? வெண்டமா? ஒரு பதில் பிழைத்தாலும் வெளியே. எல்லாம் சரியாக வந்தாலும் அவர் முழிக்கிற முழி, நடக்கிற நடை வழமைபோல இல்லையென்றால் அதுவும் வெளியேதான்.

கீழ்க்காண்பவற்றில் ஒன்று இருந்தாலும் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அல்லது நேரே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்: நினைவிழப்பு, வலிப்பு, வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, இரட்டையாகத் தெரிதல், கை கால் பலவீனம் அல்லது விறைப்பு, கழுத்து வலி, குழப்பமோ எரிச்சலோ அதிகமாதல். கழுத்து வலி இருந்தால் தூக்கி நிறுத்தாதீர்கள், ஹெல்மட்டையும் கழற்றாதீர்கள். படுத்த இடத்திலேயே தலையை அசையாமல் பிடித்திருக்க ஓர் ஆள் வேண்டும்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தால் பலர் அடுத்த நாளே பயிற்சிக்கு வந்துவிடுகிறார்கள். சி.ரி. ஸ்கேன் பார்ப்பது இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். மூளை அதிர்வு அதில் தெரியாது.

முதல் இரவு தனியே விடாதீர்கள். வலிக்குப் பனடோல் போதும். அஸ்பிரின், இபுபுரூபன் வேண்டாம். கசிவு இருந்தால் அவை அதைக் கூட்டலாம். மது கூடாது. தலை தெளியும்வரை மோட்டார் சைக்கிள் ஓட்டவும் கூடாது.

மைதானத்துக்குத் திரும்பும் படிகள்

விளையாட்டு மூளை அதிர்வு பற்றிய சர்வதேச நிபுணர் மாநாடு 2022இல் அம்ஸ்டர்டாமில் கூடி ஆறு படிகளை வகுத்தது. ஒரு படிக்குக் குறைந்தது 24 மணித்தியாலம். கீழே இருப்பது அதைக் கீப்பருக்கு ஏற்ப விரித்தது.

முதலாம் படி, அடிபட்ட பின் 24 முதல் 48 மணித்தியாலம் ஓய்வு. இருட்டறையில் கிடக்கத் தேவையில்லை. வீட்டுக்குள் நடக்கலாம், சின்ன வேலைகள் பார்க்கலாம். போனை மட்டும் குறையுங்கள். முதல் இரண்டு நாளில் திரையைக் குறைத்தால் தேறுவது சுறுக்காகும். மாணவர் என்றால் பாடசாலையும் டியூஷனும் முழுநேரம் தாங்குகிறதா என்று பார்த்த பிறகே முழுப் பயிற்சி பற்றிப் பேசலாம். ஒரு மணித்தியாலம் கரும்பலகையைப் பார்க்க முடியாத பிள்ளை பந்தைப் பார்க்காது.

இரண்டாம் படி, மெல்லிய ஓட்டப் பயிற்சி. முதலில் உச்ச இதயத்துடிப்பில் ஏறத்தாழ 55 வீதம், அது தாங்கினால் 70 வீதம் வரை. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சம். 18 வயதுக்கு 202. மணிக்கட்டில் 10 செக்கன் எண்ணினால் முதற்கட்டத்தில் 18 அல்லது 19 துடிப்பு, அடுத்ததில் 23 அல்லது 24. உட்துறைமுக வீதியில் வேகநடை, பிறகு மெல்லோட்டம் என்றால் கணக்குச் சரியாக வரும். அறிகுறிக்கு (தலையிடி, தலைசுற்று, குமட்டல், மங்கல்) வீரரையே 10க்குப் புள்ளி போடச் சொல்லுங்கள். செய்யும்போது அது தொடங்க முன் இருந்ததைவிட 2 புள்ளிக்கு மேல் கூடாமலும் ஒரு மணித்தியாலத்துக்குள் பழைய நிலைக்கு வந்தும் இருந்தால் தொடரலாம். அதைத் தாண்டினால் நிறுத்தி அடுத்த நாள் மறுபடி.

இங்கே நம்முடைய வெயில் ஒரு சிக்கல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு ஓடினால் நல்ல தலைக்கும் இடிக்கும். வெயிலா, மூளை அதிர்வா என்று பிரிக்கவே முடியாது. எனவே எல்லாச் சோதனையையும் காலை ஆறு மணிக்கு, தண்ணீர் குடித்த பிறகு வையுங்கள். மத்தியானத்தில் வந்த தலையிடியை "வெயிலாலதான்" என்று தள்ளிவிடாமல் அறிகுறியாகவே எழுதி, அடுத்த நாள் காலையில் அதே படியைத் திரும்பச் செய்து பாருங்கள்.

மூன்றாம் படி தனியாக. குந்தி எழும்புதல் 30, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி 30. பக்கவாட்டு அடிவைப்பு. டென்னிஸ் பந்தை ஒருவர் கீழ்க்கையால், இடுப்புக்கு மேல் எழாமல் போடலாம். பாய்தல் இல்லை.

நான்காம் படிக்கு முன் இரண்டு நிபந்தனை: ஓய்விலும் கடும் உழைப்பிலும் அறிகுறி முற்றாக இல்லாதிருக்க வேண்டும், வைத்தியரின் அனுமதி வேண்டும். அதற்குள் இந்த மூன்றையும் பாருங்கள்.

பேனையின் மேல் ஓர் எழுத்தை எழுதி, கை நீட்டிய தூரத்திலிருந்து மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். எழுத்து இரண்டாகப் பிரியும் இடத்தில் நிறுத்தி, மூக்கு நுனியிலிருந்து அளவுகோலால் அளவுங்கள். 6 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் என்றால் கண்கள் ஒருங்கே குவியவில்லை. ஸ்டம்புக்குக் கிட்ட நிற்க இந்தத் திறன்தான் தேவை.

அடுத்தது, நீட்டிய பெருவிரலில் கண்ணை வைத்தபடி தலையை இடம் வலமாகச் சிறிதளவு, 20 பாகையளவில் திருப்புவது. போனில் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை நிமிடத்துக்கு 180இல் வைத்து அந்தத் தாளத்துக்குப் பத்துத் தடவை. நிறுத்திப் பத்துச் செக்கன் கழித்துத் தலைசுற்று, குமட்டல், மங்கல் உண்டா என்று கேளுங்கள்.

மூன்றாவது, பொப்பிங் கிரீஸ் கோட்டில் குதிகால் பெருவிரலில் தொட 3 மீற்றர் நடந்து திரும்புவது. அந்தக் கோடு 3.66 மீற்றருக்குக் குறையாது என்பதால் தனியாகக் கோடு போட வேண்டியதில்லை. அடிபட முன்னர் எத்தனை செக்கன் எடுத்தார் என்பது தெரிந்தால்தான் இதற்குப் பெறுமதி. ஆகவே பருவத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு கீப்பருக்கும் இந்த மூன்றையும் எடுத்துக் குறித்து வையுங்கள். பத்து நிமிட வேலை.

இவை வைத்தியருக்குப் பதிலல்ல. எதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும் என்று தெரிவதற்காக.

நான்காம் படியில் கடினப்பந்து வரும், ஹெல்மட்டோடு. முதலில் பின்னே நின்று, துடுப்பாட்டக்காரர் இல்லாமல். பிறகு ஒருவர் துடுப்பை வீசிப் பந்தை வேண்டுமென்றே தவறவிட வேண்டும். கண் மறைப்பைக் கடந்து பந்தைப் பிடிக்கிறதா என்று அதில் தெரியும். பந்தைத் தாமதமாகக் காண்கிறவர் தலையைப் பின்னுக்கு இழுப்பார், அல்லது பந்து கையின் குதியில் படும். ஐந்தாம் படியில் வலைக்குள் முழுப் பயிற்சி, மெத்தைமேல் பாய்தல், பிறகு புல்லில் பாய்தல், சுழற்பந்துக்குக் கிட்ட நிற்றல், ஒரே தொடரில் 20 ஓவர். ஆறாவது, போட்டி.

எத்தனை நாள்? வளர்ந்தவர்கள் பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் தேறுகிறார்கள், பிள்ளைகளுக்கு நாலு கிழமை வரை போகலாம். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்போலில் மூளை அதிர்வுக்கான விடுப்புப் பட்டியல் 2011 முதல் குறைந்தது 7 நாள். ஆனால் அங்கே அணியோடு வைத்தியர் இருக்கிறார். நமக்குப் பொருந்துவது பிரித்தானியா 2023இல் கழக மட்டத்துக்கு வெளியிட்ட வழிகாட்டி: 21 நாளுக்கு முன் போட்டி இல்லை; 14 நாள் அறிகுறியே இல்லாமல் இருந்த பிறகுதான் தலையில் அடிபடக்கூடிய பயிற்சி. எங்கள் கருத்தில் பாடசாலை அணிக்கு இதில் ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது. அறிகுறி மறைய முன் இளவயதினருக்கு இரண்டாவது அடி விழுந்தால், அரிதாக என்றாலும், மூளை வீங்கி உயிரே போகலாம்.

ஹெல்மட்

ஹெல்மட் மண்டையோட்டையும் கண்ணையும் பல்லையும் காக்கும். மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. இதைத் தெரிந்துகொண்டே போடுங்கள். கிரிலுக்கும் முன்விளிம்புக்கும் இடையில் பந்து நுழையக் கூடாது. பந்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். பி.எஸ். 7928:2013 என்ற பிரித்தானியத் தரக் குறி உள்ளே இருக்க வேண்டும். கடற்கரை ஊரில் கிரில் ஆணிகள் துருப்பிடித்து இளகும். ஒவ்வொரு மாதமும் திருகிப் பார்த்து, துருவிருந்தால் அதே தயாரிப்பாளரின் ஆணியையே போடுங்கள். வியர்வையில் இறுகிப்போன பஞ்சு வேலை செய்யாது. பலமான அடி வாங்கிய ஹெல்மட்டை வெடிப்புத் தெரியாவிட்டாலும் ஒதுக்குங்கள். வேகப்பந்துக்குக் கழற்றி, சுழலுக்கு அவசரமாக மாட்டும்போது நாடியில் பட்டி கட்டாமல் விடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. பட்டி இல்லாத ஹெல்மட் முதல் அடியிலேயே சுழன்று கண்ணை மறைக்கும்.

கிளவுஸைக் கழற்ற வேண்டிய நேரம்

மூன்று தடவை என்றால் ஓய்வு என்று ஒரு விதி ஊரில் உலவுகிறது. அப்படி ஒரு நிலையான எண்ணிக்கை மருத்துவத்தில் இல்லை. பார்க்க வேண்டியது போக்கு. முந்தியதைவிடச் சின்ன அடிக்கே அறிகுறி வருகிறதா? தேற எடுக்கும் நாள் ஒவ்வொரு முறையும் கூடுகிறதா? இரண்டு அடிக்கு இடையிலான காலம் சுருங்குகிறதா? நாலு கிழமைக்கு மேல் அறிகுறி இழுத்ததா? நித்திரை, கோபம், படிப்பு, மறதி மாறியிருக்கிறதா? கடைசிக் கேள்வியை வீரரிடம் கேட்காதீர்கள். அம்மாவிடமோ மனைவியிடமோ கேளுங்கள்.

இவற்றில் ஒன்றுக்கு ஓம் என்றால் நரம்பியல் வைத்தியர் பார்க்கும்வரை கீப்பிங் வேண்டாம். இரண்டுக்கு ஓம் என்றால் கிளவுஸை இன்னொருவரிடம் கொடுக்கச் சொல்வோம். ஒரே பருவத்தில் இரண்டு மூளை அதிர்வு வந்தவருக்கு, வேறு எதுவும் இல்லாவிட்டாலும், அந்தப் பருவம் கீப்பிங் முடிந்தது. இது எங்கள் கணிப்பு. இறுக்கமானது என்று சொல்பவர்கள் இருப்பார்கள், இருக்கட்டும்.

இடம் மாறுவது விளையாட்டை விடுவதல்ல. அமெரிக்காவில் மினசோட்டா அணியின் ஜோ மவர், பேஸ்போலில் நம் கீப்பரைப் போன்ற கேச்சராக மூன்று முறை துடுப்பாட்டப் பட்டம் வென்றவர். 2013 ஓகஸ்டில் முகமூடியில் பட்ட பந்துகளால் மூளை அதிர்வு வந்தது. அடுத்த பருவத்திலிருந்து முதல் பேஸ் என்ற களத்தடுப்பு இடத்துக்கு மாறி, 2018 வரை ஆடினார். இன்னொரு கேச்சரான மைக் மத்தேனிக்கு அந்த வழி அமையவில்லை. 2006இல் அடுத்தடுத்துப் பட்ட அடிகளோடு அவருடைய ஆட்டக்காலமே முடிந்தது.

கிரிக்கெட்டில் மாறும்போது ஸ்லிப், சோட் லெக், சில்லி பொயின்ட் என்று வைக்காதீர்கள், அவையும் கிட்டத்து இடங்கள்தான். கவர், மிட் ஓன், தேர்ட் மேன் சரி. உயரக் கேட்சுக்கு யார் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று முன்கூட்டியே பழக்குங்கள். துடுப்பெடுத்தாடும்போது பவுன்சர் ஆபத்து அப்படியே இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவுஸ்திரேலியாவின் வில் புகோவ்ஸ்கி கீப்பர் அல்லர், துடுப்பாட்டக்காரர். திரும்பத் திரும்ப வந்த மூளை அதிர்வால் 2025இல் 27 வயதில் ஓய்வு பெற்றார்.

மற்றது நிர்வாக வேலை. ஒவ்வோர் அணியிலும் இரண்டாவது கீப்பர் ஒருவரைப் பருவம் தொடங்கும் போதே பழக்கி, சின்னச் சின்ன ஆட்டங்களில் நிறுத்துங்கள். ஆள் இல்லாதபோதுதான் தேறாதவரை இறக்கும் அவசரம் வருகிறது. ஒரு கொப்பியில் அடிபட்ட திகதி, எப்படிப் பட்டது, முதல் அறிகுறி, கடைசி அறிகுறி, எந்தத் திகதியில் எந்தப் படி, வைத்தியர் அனுமதித்த திகதி என்று எழுதுங்கள். வீரர் கழகம் மாறினால் அந்தப் பக்கத்தின் பிரதியை அவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.